புல்லைக் குடிக்கலாம், எண்ணெயைக் குடிக்கக் கூடாது
(அணைக்கட்டு கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எலுமிச்சைப் புல்லைப் பத்திப் பேசச் சொன்னாங்க. லெமன்கிராஸ்னு சொல்றோமே, அதுதான். முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

என் மகள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறவ. காலையில வேன் ஏறினா இருட்டினப்புறம்தான் வருவா. பேரன் என் பொறுப்பு. ஒரு மழைக்காலத்துல அவனுக்குச் சளி கட்டிக்கிச்சு. வீட்டுல எலுமிச்சைப் புல் எண்ணெய் சின்ன பாட்டில் இருந்துச்சு. புல்லுதானே, என்ன ஆயிடப்போவுதுன்னு அப்படியே எடுத்து நெஞ்சுல தேய்ச்சேன். கொஞ்ச நேரத்துல குழந்தை கத்தினான் பாருங்க! நெஞ்செல்லாம் நெருப்புல சுட்ட மாதிரி சிவந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். "ஏம்மா, இதை அப்படியே பூசலாமா?"ன்னு டாக்டர் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

அப்புறம்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 100 கிலோ பசும்புல்லைக் காய்ச்சி வடிச்சா, கிடைக்கிற எண்ணெய் சுமார் அரை கிலோதான். அத்தனை புல்லோட காரமும் அந்த அரை கிலோவுல வந்து நிக்குது. அந்த எண்ணெயில சுமார் முக்கால் பங்கு இருக்கிற பொருளுக்குப் பேரு சிட்ரால். எலுமிச்சை வாசனை அதனாலதான் வருது. தோலை எரிக்கிறதும் அதுதான். புல் வேற, எண்ணெய் வேறன்னு மனசுல வெச்சுக்கோங்க.

புல்லை எப்படிப் பயன்படுத்தறது? இலையோட ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், பார்த்து அறுங்க. ரெண்டு மூணு இலையைக் கழுவி, முடிச்சுப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணியில அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, வடிகட்டிக் குடிங்க. இஞ்சித் துண்டு, வெல்லம் சேர்த்துக்கலாம். வயிறு உப்புசத்துக்கும், சளி பிடிச்ச தொண்டைக்கும் இதமா இருக்கும். இலங்கையில அடித்தண்டைக் குழம்புலேயே போட்டுத் தாளிக்கிறாங்க. ஆனா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறவங்க, டீ குடிக்கிறோம்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதைக் குடிக்க வேணாம்.

இப்போ எண்ணெய். ஒரு சொட்டுகூட வாயில விடக் கூடாது. முட்டி வலிக்குத் தேய்க்கணும்னா, ரெண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில ஒரே ஒரு சொட்டு கலந்து, முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. அரிப்பு, சிவப்பு இருந்தா வேணாம். கண்ணு கிட்ட கொண்டுபோகாதீங்க. சின்னக் குழந்தைங்களுக்கு வேணவே வேணாம். வீடு துடைக்கிற சோப்புத் தண்ணியில சில சொட்டு விட்டா கவுச்சி வாடை போவும். கொசு கொஞ்ச நேரம் ஒதுங்கும், அவ்வளவுதான். டெங்குவுக்கு மருந்து, தொட்டியையும் டயரையும் கவிழ்த்துத் தண்ணியைக் கொட்டறதுதான். காய்ச்சல் வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க.

வருமானம் வருமான்னு கேட்கறீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு காலத்துல கேரளாவுல இருந்து கப்பல்ல போன இந்த எண்ணெயை 'கொச்சி எண்ணெய்'னே உலகம் கூப்பிட்டுச்சு. அங்க ஓடக்காலியில 1951-லேயே இதுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் வெச்சாங்க. ஜார்க்கண்டுல பிஷுன்பூர்ல 30-க்கும் மேற்பட்ட மகளிர் குழுக்கள் இதைப் பயிர் பண்றதை, 2020 ஜூலையில பிரதமர் வானொலியில பேசினார். சோப்பு, சென்ட், வைட்டமின் ஏ தயாரிக்கிறதுக்கெல்லாம் இந்த எண்ணெய் போயிருக்கு.

அவங்களால முடிஞ்சது நம்மாலயும் முடியும். ஆனா கணக்குப் போட்டு இறங்கணும். நட்டு மூணு நாலு மாசத்துல முதல் அறுப்பு. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு அறுப்பு, நாலஞ்சு வருஷம் நிக்கும். ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது. இது நல்ல பக்கம். இன்னொரு பக்கம், ஆவியில வடிக்கிற கலன் கிட்டத்துல இல்லேன்னா அறுத்த புல் வெறும் புல்தான். வாங்கறவங்க யாருன்னு தெரியாம குழுக் கடனை எடுத்து ஏக்கர் கணக்குல நடாதீங்க. "நாத்து வாங்குங்க, எண்ணெயை நாங்களே எடுத்துக்கறோம்"னு யாராவது வந்தா, விலையை எழுத்துல கேளுங்க. அந்தக் காகிதத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்துல வெச்சுப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

அதுவரைக்கும் என் யோசனை இதுதான். வீட்டுக்கு ரெண்டு தூர், வாய்க்கால் ஓரமா நடுங்க. நிழல்ல உலர்த்தி டீக்கு விற்க கலன் வேணாம், கத்தரிக்கோலும் சுத்தமான துணியும் போதும். சந்தையில, கண்காட்சியில சின்னப் பொட்டலமா வெச்சுப் பாருங்க. கையைச் சுடாத அளவுக்கு ஆரம்பிப்போம்.

என் வீட்டுல நாலு தூர் புதராட்டம் வளர்ந்து நிக்குது. வேணுங்கிறவங்க வந்து வேரோட பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க, காசு வேணாம். பேரனுக்கு இப்போ நல்லாயிடுச்சு. ஆனா பாட்டிலைப் பார்த்தாலே ஓடறான். உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அந்த அனுபவம் வரக் கூடாதுன்னுதான் இவ்வளவும் சொன்னேன்.