கலமும் உணவும்

(விருத்தாசலத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

‘கலமும் உணவும்’ என்னும் பொருள்பற்றி இன்று சிறிது பேசக் கருதினோம். கலம் என்பது மரக்கலத்தையும் உணர்த்தும், உண்கலத்தையும் உணர்த்தும். கடலைக் கடப்பதற்கு ஒன்றும் பசியைக் கடப்பதற்கு ஒன்றுமாக இருபொருளுக்கும் ஒரு சொல்லையே நம் முன்னோர் வைத்தனர். மணிமுத்தாற்றங்கரையில் வாழும் நமக்குக் கப்பற் பேச்சு எதற்கென்று சிலர் வினவுவர். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கப்பலில் இருக்கின்றனர் என்பதே விடை. சிலர் ஊழியராயினர், சிலர் பெற்றோரை அழைத்துக்கொண்டு உல்லாசப் பயணிகளாகச் சென்று வருகின்றனர். அவர்கள் திரும்பியவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, ‘அங்கே என்ன உண்டீர்?’ என்பதே. அக்கேள்வியைப் பற்றியதே எம் பேச்சு.

தமிழர் கடல் கடந்தது புதிதன்று. 1860 ஆம் ஆண்டில் சென்னையினின்று ‘டுரூரோ’ என்னும் கப்பல் கூலித் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அத்தகைய கப்பல்களில் பல சாதியினர்க்கும் பொதுவாகவே உலை வைத்தனர். வீட்டுத் திண்ணையில் அருகமர்ந்து உண்ணாதவர்கள், நடுக்கடலில் ஒரே அடுப்பிற் பொங்கிய சோற்றை உண்டனர். பிற்காலத்தில், 1926 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரைத் தளப் பயணிகளாக ஏற்றுதற்கு அது தொடக்கத்தில் உரிமை பெற்றிருந்தது. தமிழ்நாட்டிற் பல குடும்பங்களின் பாட்டனார்கள் அதன் தளத்திற் பாய் விரித்துப் படுத்தே மலாயா சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகளிலும் கட்டிய கோயில்களிலும் எவரும் தீட்டுப் பார்த்திலர்.

இக்காலத்துப் பயணக் கப்பல் வேறு வகையது. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்தினின்றே ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடலில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னுங் கப்பலோ ஏழாயிரவர்க்கு மேற்பட்ட பயணிகளைத் தாங்கவல்லது. ஒரு சிற்றூரே மிதக்கின்றதென்னலாம். அச்சிற்றூரில் விடியற்காலந்தொட்டு நள்ளிரவுவரை அடுப்பு அணைவதில்லை. நீண்ட மேசைகளில் நூறு வகைப் பண்டங்களைப் பரப்பி வைப்பர். வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்வது பயணிகள் வழக்கம்.

அங்குச் செல்லக் கருதும் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டுவன சில உள. மரக்கறி உணவு என்று நாம் கூறுவதும் மேனாட்டார் கூறுவதும் ஒன்றல்ல. அவர்கள் முட்டையை மரக்கறியோடு சேர்ப்பர். காய்கறிச் சூப் என்பது எலும்பு வேகவைத்த நீரிற் காய்ச்சப்பெற்றிருத்தல் கூடும். நடுங்கும் இனிப்புப் பாகில் விலங்கின் தோலினின்றும் எலும்பினின்றும் எடுத்த ஜெலட்டின் இருக்கும். சில பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையினின்று எடுத்த உறைபொருளாற் செய்வர். கீழ்த்திசை நாட்டுக் காய்கறிப் பண்டங்களில் மீன்சாறு கலப்பதும் உண்டு. ஆதலின், ‘மரக்கறி’ என்று மட்டும் சொல்லாது, முட்டையும் மீனும் இறைச்சிச்சாறும் கூடாவென விளங்கச் சொல்லல் வேண்டும். அதனையும் கப்பலேறிய பின்னர்ச் சொல்லாது, பயணச்சீட்டுப் பெறும்போதே எழுதிக் கொடுத்தல் நன்று. நிலக்கடலை முதலியன உண்டால் மூச்சுத் திணறும் இயல்புடையோர் இருப்பின், அதனை மறைத்தல் உயிருக்கே கேடாம். பொதுக் கரண்டியைப் பலர் தொடுகின்ற இடமாதலின், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது. கப்பல்களில் வாந்தியும் பேதியும் பரப்பும் நோரோ என்னும் நச்சுநுண்ணுயிர், கைகளிற் பூசும் சாராயக் கலவைக்கு எளிதில் மடிவதன்று.

இவையெல்லாம் அறிவுரை. இனி, எம் நெஞ்சை உறுத்துவதொன்றைச் சொல்லுகின்றோம்.

சென்ற ஆண்டு தைத்திங்களில் நம் உறவினர் இருவர் வீட்டார் சம்பந்தம் பேசினர். மாப்பிள்ளை எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர். பயணக் கப்பல் ஒன்றின் அடுக்களையில் ஆறாண்டு ஊழியஞ் செய்தவர். சாதகம் பொருந்தியது, பெண்ணும் இசைந்தாள். தாம்பூலம் மாற்றும் நாளுக்கு முன்னாள், ‘கப்பலில் மரக்கறியே உண்டார் என்று அங்குள்ள மேலாளரிடம் எழுதி வாங்கித் தருக’ என்று பெரியோர் சிலர் கேட்டனர். அவ்விளைஞர் அமைதியாக மறுமொழி கூறினார்: ‘ஐயா, அக்கடிதம் வாங்குதல் எளிது. கேட்டவர்க்கெல்லாம் எழுதித் தருவார்கள். நான் சோறும் பருப்பும் தயிருமே உண்டேன். என் சொல்லை நம்பாதவர்க்கு அக்கடிதத்தால் என்ன பயன்?’

அவையோர் எம்மை நோக்கினர். ‘பண்டிதரே, நூல்கள் என்ன சொல்லுகின்றன?’ என்றார் ஒரு முதியவர். யாம், ‘பெரியோர் வழக்கே நூலாகும்’ என்று கூறி அமர்ந்தோம். அது விடையன்று, நழுவல். சம்பந்தம் முறிந்தது. அவ்விளைஞர் எம்மிடம் வந்து வணங்கி விடைபெற்றுச் சென்றார். இப்பொழுது மீண்டும் கடலில் இருக்கின்றார். இருதிறத்தாரும் இங்கு அமர்ந்திருக்கக்கூடும். எவரையும் குறைகூற இதனை எடுத்தோமல்லோம். குறை எம்முடையது. அன்று சொல்லாத விடையை இன்று சொல்லவே இம்மேடை ஏறினோம்.

முதலாவது, அண்மைக் காலத்துச் சான்று. காந்தியடிகள் 1888 ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோது, பம்பாயில் அவர்தம் சாதிக் கூட்டம் கூடியது. கடல் கடந்தால் ஆசாரம் கெடும். அங்கே வெள்ளையரோடு உண்ணவும் பருகவும் நேரும் என்று தலைவர் கூறினார். தாய்க்கு வாக்களித்துள்ளேன் என்று காந்தியடிகள் கூறியதனை அவர் ஏற்றிலர். அவரைச் சாதியினின்று விலக்கியதோடு, வழியனுப்பச் செல்வோர்க்கு ஒன்றேகால் ரூபாய் தண்டமும் விதித்தனர்.

செப்டம்பர் 4 ஆம் நாள் ‘கிளைடு’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். எப்பண்டத்தில் இறைச்சியில்லை என்று கேட்கவும் கூசினார். முள்ளும் கத்தியும் பிடித்துப் பழகியவருமல்லர். தம் அறையிலிருந்தபடியே கொண்டுசென்ற இனிப்பையும் பழங்களையும் உண்டு பெரும்பாலும் நாளோட்டினார். இறைச்சியின்றிக் குளிர்நாட்டில் உயிர் தரிக்க இயலாதென்று உடன்சென்ற ஆங்கிலேயர் ஒருவர் அன்போடு எடுத்துரைத்தும் அவர் இசைந்திலர். மதுவும் மாதரும் இறைச்சியும் தீண்டேன் என்று அன்னைமுன் கூறிய சொல்லே அவரைக் காத்தது. இதில் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இறைச்சி உண்டிலர் என்பதற்கு அவரும் தொடக்கத்திற் பிறரிடம் சான்றுக் கடிதம் வாங்கி வைத்தார். இறைச்சி உண்டவர்க்கும் அத்தகைய கடிதம் கிடைக்கும் என்பதனைப் பின்னர் அறிந்தபோது, அதன்மேல் வைத்த மதிப்பு அவருக்கு ஒழிந்தது. இதனைத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். எம் மாணவர் நம் அவையிற் சொன்னதும் இதுவே அன்றோ?

இரண்டாவது, நம் தமிழ்ச் சான்று. மணிமேகலையிற் சாதுவன் என்னும் வணிகன் கதை வருகின்றது. தீநெறியிற் பொருளையெல்லாம் இழந்த அவன், பொருள் தேடி மரக்கலம் ஏறினான். கலம் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் மலைப்பக்கத்தைச் சேர்ந்தான். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் அவர்கள் அவனைக் கொல்லாது தம் தலைவனிடம் கொண்டுசென்றனர். தலைவன் விருந்தோம்பக் கருதி, இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்குமாறு பணித்தான். சாதுவன் மூன்றையும் மறுத்தான். காந்தியடிகள் தம் அன்னைமுன் விலக்கியனவும் அம்மூன்றே என்பதனை நோக்குமின்! பன்னூறு ஆண்டு இடையிட்டும், கடல் கடப்பானுக்கு வரும் சோதனை மாறவில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. எமக்கேற்ற அறம் யாது என்று நாகர்தலைவன் கேட்டபோது, சாதுவன் தன் நோன்பை அப்படியே அவன் தலையிற் சுமத்தினானல்லன். கலம் உடைந்து கரை சேர்வாரைக் கொல்லாது காக்க வேண்டும், மூத்துத் தாமாக இறந்த விலங்குகளையன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டும், இவ்வளவே கூறினான். தனக்கு முழு நோன்பு. அவர்க்கு அவர் தாங்கும் அளவு. தன் இலையிற் கண்டிப்பும் பிறர் இலையிற் பொறுமையும் உடையவனாதலின் அவன் நோன்பு பெருமையுற்றது. நாமோ பிறர் இலையை எட்டிப் பார்ப்பதனையே நோன்பெனக் கொண்டோம்.

இன்னும் கேளுங்கள். சாதுவன் ஊர் திரும்பினான். தீயும் சுடாத கற்புடைய அவன் மனைவி ஆதிரை, ‘ஊன் உண்போரிடை இருந்து என்ன உண்டீர்?’ என்று வினவியதாகச் சாத்தனார் பாடவில்லை. மணிமேகலை அமுதசுரபியைக் கையில் ஏந்தியபோது, அதில் முதற்பிச்சை இட்டவள் அவ்வாதிரையே. நாகர் நடுவே இருந்து வந்தவன் மனையின் சோறுதான், உண்ண உண்ணக் குறையாத பாத்திரத்தின் முதற்சோறாயிற்று. நூல் என்ன சொல்லுகின்றதென்று கேட்ட முதியவர்க்கு, ஓராண்டு கழித்து யாம் கூறும் விடை இது.

நம் ஊரின் தொழிலிலிருந்தும் ஒரு சான்று காட்டுவோம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்பெற்றது. சுட்டெடுத்த வெறும் மண்கலம் ஊற்றியதை உறிஞ்சிக்கொள்ளும். மோர் வைத்த சட்டி மோரையே நாறும். மேலே மெருகு பூசிச் சூளையிற் சுட்ட பீங்கானோ எதனை ஏந்தினும் தன்னுள் ஏற்காது. ஒருமுறை கழுவினால் பழைய வெண்மையே தோன்றும். மன உறுதியே மனிதனுக்கு அம்மெருகு. அஃதுடையவன் எவ்வடுக்களையில் நின்றாலும் கறைபடான். அஃதில்லாதவன் பூசையறையில் வாழ்ந்தும் கறைபடுவான்.

ஆதலின், நம் சங்கத்தார்க்குப் பணிவோடு மூன்று வேண்டுகோள் செய்கின்றோம். கடல் கடந்து வரும் பிள்ளைகளிடம் உணவுக்குச் சான்றுக் கடிதம் கேட்டல் இனி நம்முள் வேண்டா. புறப்படும் பிள்ளைகட்கு, எப்பண்டத்தில் என்ன கலந்துளது என்பதனையும், கூசாது கேட்டுத் தெளிவதனையும் முன்னரே கற்பிப்போமாக. அங்குச் சென்று உணவை மாற்றிக்கொண்டவர் எவரேனும் இருப்பின், அவரைப் பொய்யராக்காதிருப்போமாக. கடுங்கேள்வியே பொய்க்குத் தாய். மகன் நம்மிடம் உண்மை பேசுவது, அவன் உண்ட உணவினும் நமக்குப் பெரிதாதல் வேண்டும்.

அம்மாணவர் அடுத்த விடுமுறையில் வரும்போது, எம் இல்லத்தில் எம்மருகே இலையிட்டு உண்ண அழைத்துள்ளோம். நீங்களும் வருக. அங்கே அவரிடம் கடலைப்பற்றிக் கேளுங்கள், அலைகளைப்பற்றிக் கேளுங்கள், என்ன உண்டார் என்று மட்டும் கேளாதிருங்கள்.