சத்தம் கேட்டால் யாரைக் கூப்பிடுவது?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)

நம் கூட்டத்துக்குத் தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏ.எம்.சி., பார்க்கிங் என்றால்தான் ஆட்கள் வருவார்கள். இன்று ஹால் நிறைந்திருப்பதற்கு என் பேச்சு காரணமில்லை, நிகழ்ச்சி நிரலில் உள்ள நான்காவது தீர்மானம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். குடியிருப்பில் கணவன் மனைவி சண்டை பற்றிப் புகார் வந்தால், மூன்று மூத்த உறுப்பினர்கள் கொண்ட சமரசக் குழு இருவரையும் கிளப் ஹவுஸுக்கு அழைத்துப் பேசும் என்பது அந்தத் தீர்மானம். கொண்டுவந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனாலும் நான் அதை எதிர்க்கிறேன். அதற்காகத்தான் செயலாளர் சாரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்து, 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருந்தேன். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று பெண்களோடு துணைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பார்க்கிங் தகராறில் சமரசம் பேசலாம். பேசி முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடி வாங்கும் பெண்ணை அடித்தவர் பக்கத்திலேயே உட்கார வைத்து "என்னம்மா நடந்தது?" என்று நாம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பேச்சு முடிந்ததும் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறி, ஒரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அங்கே நம் மூன்று மூத்த உறுப்பினர்களும் இருக்கமாட்டார்கள்.

நம் இடத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று சிலர் நினைக்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21-இல் எடுத்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அகில இந்திய அளவு 29. மாநில சராசரியைத் தூக்கி 96 ஃப்ளாட் மேல் வைப்பது சரியான கணக்கு இல்லை. ஆனால் பூஜ்யம் என்று போடுவது அதைவிடத் தப்புக் கணக்கு. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 14 பேர்தான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும் சத்தம்தான் சில நேரம் வெளியே வரும் ஒரே புகார்.

சரி, சத்தம் கேட்கிறது. யாரைக் கூப்பிடுவது? அடிதடி நடந்துகொண்டிருந்தால் 112. பழைய 100 மனப்பாடம் என்றால் அதுவும் போதும். பிளாக், மாடி, ஃப்ளாட் எண், குழந்தை இருக்கிறதா, கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா என்பதைச் சொன்னால் போதும். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த நிமிடத்தில் ஆபத்து இல்லை, ஆனால் ரொம்ப நாளாக நடக்கிறது என்றால் 181. பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

போன் செய்தால் நம் மேல் கேஸ் வருமா என்பதுதான் எல்லோருக்கும் பயம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் நான்காவது பிரிவைப் படியுங்கள். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மேல் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது. இந்தப் பாதுகாப்பு அலுவலர் போலீஸ் இல்லை. சமூக நலத்துறையைச் சேர்ந்தவர், மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார். நடந்ததை ஒரு படிவத்தில் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை.

"நாம் ஒரு போன் செய்யப் போய் அந்தப் பையனை ராத்திரியே தூக்கி உள்ளே போட்டுவிட்டால்?" என்று ஒரு சார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், 498ஏ போன்ற ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் தானாகக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86-ஆவது பிரிவுகளாக இருக்கிறது. ஆகவே உங்கள் ஒரு போனால் யாருடைய வேலையும் போய்விடாது.

இனி ஸ்டேஷன். 1992-இல் ஆயிரம் விளக்கில் தொடங்கி, இன்று தமிழ்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு. பெண் போலீஸிடம் பேசும்போது எத்தனையோ பெண்களுக்கு நாக்கு எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். குறையையும் சொல்ல வேண்டும். நான் துணைக்குப் போன ஒரு நிலையத்தில், கை வீங்கிய பெண்ணை மூன்று தடவை "கவுன்சலிங்" என்று வரவழைத்து, மூன்று தடவையும் "குழந்தைக்காகப் பொறுத்துப் போம்மா" என்று அனுப்பினார்கள். குடும்பத் தகராறில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்திருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. 15 நாள், தக்க காரணம் எழுதினால் அதிகபட்சம் ஆறு வாரம். மாதக்கணக்கில் நடக்கும் பஞ்சாயத்துக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. நம் நான்காவது தீர்மானம் அதே பஞ்சாயத்தைத்தான் கிளப் ஹவுஸுக்குக் கொண்டுவருகிறது.

வங்கிக்காரி என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பணம் கட்டினால் கவுன்டர்ஃபாயில் வாங்காமல் யாரும் நகரமாட்டீர்கள். ஸ்டேஷனிலும் அப்படித்தான். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்புவதை 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமே சொல்கிறது. பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம். அக்னாலெட்ஜ்மென்ட்டோடு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100-க்குப் பேசலாம், பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

போலீஸ் தண்டிக்கும் பக்கத்தைப் பார்க்கிறது. வீட்டில் நிம்மதியாக இருக்கும் வழியை மாஜிஸ்திரேட் பார்க்கிறார். மனு கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள். அவரை அடிக்கக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவிடலாம். தேவைப்பட்டால் கணவரை வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேகத்தில் முடிந்த ஒரு வழக்கைக் கூட நான் பார்த்ததில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைத்துப் பார்த்திருக்கிறேன், அதுவே பெரிய ஆசுவாசம்.

பணம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து 34 வருடம் பார்த்தேன். சம்பளம் அவள் கணக்கில் வரும், ஏ.டி.எம். கார்டு அவர் பாக்கெட்டில் இருக்கும், எஸ்.எம்.எஸ். அவர் போனுக்குப் போகும். பாலன்ஸ் கேட்க வரும் ஆசிரியை ஒருத்தி, தன் பாஸ்புக்கைத் தானே வாங்கிப் பார்க்கக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். அடி இல்லை, காயம் இல்லை, எந்த டாக்டர் சர்டிபிகேட்டும் கிடைக்காது. ஆனால் இதற்கும் சட்டத்தில் பெயர் உண்டு: பொருளாதார வன்முறை. 2005 சட்டத்தின் மூன்றாவது பிரிவில் அடி, பாலியல் கொடுமை, வசை ஆகியவற்றோடு அதுவும் இருக்கிறது. நகை அதைவிட மோசம். "இருவரில் ஒருவர்" இயக்கலாம் என்ற ஜாயின்ட் லாக்கரை ஒருவர் தனியாக வந்து துடைத்துக்கொண்டு போக முடியும், வங்கி தடுக்க முடியாது. அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்த நகல் வந்தால் வங்கி கட்டுப்படும். சீதன நகையைத் திருப்பிக் கொடு என்றும் உத்தரவிடலாம். எனவே இங்கே இருக்கும் பெண்களுக்கு, பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும்: உங்கள் கணக்கில் உங்கள் மொபைல் எண் இருக்கட்டும். நகை ரசீது, கல்யாண போட்டோ, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் நகல் ஒன்று அம்மா வீட்டில் இருக்கட்டும். கணவன்மார் முகம் சுளிக்க வேண்டாம், இது இன்ஷூரன்ஸ் மாதிரி.

பாலியல் வன்முறை நடந்தால் போலீஸுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தவறில்லை. அரசு, தனியார் எதுவானாலும் உடனடி சிகிச்சை இலவசமாகத் தர வேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்பதெல்லாம் செல்லாது. பரிசோதனைக்கு அவளுடைய சம்மதம் வேண்டும். இரு விரல் சோதனை செய்பவர் நடத்தை விதி மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக்கில் போடாமல், காகிதப் பையில் எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போக வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், பாலியல் வல்லுறவு வழக்கில் அவள் வீட்டுக்கோ அவள் சொல்லும் இடத்துக்கோ வந்து. ஆஸ்பத்திரி, போலீஸ், வக்கீல், மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கோத்துத் தருவதற்காக 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன, சகி என்பார்கள். 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள். கட்டாயப்படுத்துபவர் கணவர் என்றால், மனைவி 18 வயதைக் கடந்து அவரோடு சேர்ந்து வாழ்பவள் என்னும்போது, நம் சட்டம் அதை வல்லுறவு என்று இன்னும் ஏற்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அது பாலியல் கொடுமைதான், பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

குழந்தை என்றால் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. 2018-இல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கேட்டும் லிஃப்டும் உள்ள இடம்தான் அதுவும். 1098-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் சங்கத்தின் பங்கு. போலீஸ் வந்தால் நம் செக்யூரிட்டி ரிஜிஸ்டரை நீட்டி, இன்டர்காமில் அந்த ஃப்ளாட்டுக்கே "சார், போலீஸ் வந்திருக்காங்க, விடலாமா?" என்று கேட்பார். ஸ்விக்கி பையனுக்குச் சரி, போலீஸுக்கு வேண்டாம்.

"என் மனைவியை உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவர் கடிதம் கொடுத்தால் அதை அமல்படுத்துவது சங்கத்தின் வேலை இல்லை. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அவள் குடித்தனம் நடத்திய வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு என்று 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. வயதான பெற்றோரின் உரிமையையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியது கோர்ட், கேட்டில் நிற்கும் காவலாளி அல்ல.

நம் சி.சி.டி.வி. பதிவு 15 நாளில் அழிந்துவிடுகிறது. சம்பவம் நடந்த அன்றே அந்த மணி நேரத்தை நகலெடுத்து வைத்து, போலீஸ் எழுத்தில் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும். அதோடு ஒரு சான்றிதழும் கேட்பார்கள், செயலாளர் பயப்பட வேண்டாம். வங்கியில் கணக்கு நகலுக்கு 1891-ஆம் வருடத்துச் சட்டப்படி இதே போலச் சான்றிட்டு எத்தனையோ கையெழுத்தை நாங்கள் வாங்கியிருக்கிறோம்.

கடைசியாக வாட்ஸ்அப் குரூப். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆர். விவரமே வெளியே பரவி, சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. "சி பிளாக் மூணாவது மாடியில் என்ன போலீஸ்?" என்று நீங்கள் சாதாரணமாகப் போடும் கேள்வியே அடையாளம்தான். போடாதீர்கள். போட்டவர் அட்மினாக இருந்தாலும் அழிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது தீர்மானத்துக்குப் பதிலாக ஒரு திருத்தம் எழுதி வந்திருக்கிறேன்: சமரசக் குழு வேண்டாம், போலீஸைத் தடுக்காமல் விடுவது, வசிக்கும் பெண்ணை கேட்டில் மறிக்காதது, பதிவைப் பாதுகாப்பது ஆகிய மூன்றும் செக்யூரிட்டி ஏஜென்சி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். எண்கள் அடங்கிய ஒரு பக்கத் தாளையும் பெரிய எழுத்தில் டைப் செய்து வைத்திருக்கிறேன். ஒன்று காவலாளி அறைக்கு, ஒன்று ஒவ்வொரு லிஃப்டுக்கும். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் லிஃப்டில்தான் போகிறார்கள், அவர்களுக்கும் உதவும். ஓட்டெடுப்புக்கு முன் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள், மைக்கை அந்தப் பக்கம் அனுப்புகிறேன்.