பதிமூன்றில் ஒன்பது போனால்

13-இல் 9 போனால் 4. இதில் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஜப்பானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் இதற்காகவே வாரக்கணக்கில் கூடிப் பேசுவார்கள்.

அங்கே 'பாட ஆய்வு' என்று ஒரு வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பெடுப்பார். மற்றவர்கள் கையில் குறிப்பேட்டோடு சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். யார் விரலை மடக்கினார், யார் எழுதியதை அழித்தார், எல்லாம் குறிப்பில் ஏறும்.

ஒன்றாம் வகுப்புக் கழித்தலை எந்த எண்ணில் தொடங்குவது? 13-இல் 9 என்றால், பத்திலிருந்து ஒன்பதை எடுத்துவிட்டு, மீதி ஒன்றை மூன்றோடு கூட்டத் தோன்றும். 12-இல் 3 என்றால், முதலில் இரண்டை எடுத்துப் பத்தாக்கி, பிறகு இன்னும் ஒன்றை எடுக்கத் தோன்றும். எண் மாறினால் பிள்ளையின் யோசனையே மாறிவிடுகிறது!

வகுப்பு முடிந்ததும் கலந்துரையாடல். பாடம் எல்லோரும் சேர்ந்து தயாரித்தது. அதனால் எடுத்தவர் தலை மட்டும் உருளாது. திருத்திய பாடத்தை இன்னொருவர் வேறு வகுப்பில் எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய புத்தகம் இதை வெளிநாட்டாருக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஒருவர் மேடையில் பேச, மற்றவர்கள் கொட்டாவியை அடக்கும் பயிற்சிகளுக்குப் பழகியவர்களுக்கு இது புதுமைதான். (அந்தப் பயிற்சிகளில் டீ நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை.)

சரி, 12-இல் 7 போனால்? எந்த வழியில் போட்டீர்கள்?