கல்லில் இருக்கும் பெயர்கள்



மாணவியாக இருந்தபோது திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குக் கல்வெட்டுப் படியெடுக்கப் போனேன். சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் சற்றே வற்றியதும் மை ஒற்றினால், கருப்புக்குள் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும்.

அங்கே முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனைப் பெற்றவள் மலையமான் குலத்து வானவன் மாதேவி. கணவன் சுந்தர சோழன் இறந்ததும், பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு அவள் தீப்பாய்ந்ததை அது போற்றுகிறது. பாரியின் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அதிலேயே வருகிறது. கபிலர் பெயர் இருக்கிறது, பாரி பெயர் இருக்கிறது. பாரி மகளின் பெயர் இல்லை. செத்தால்தான் கல்லில் இடமா என்று அன்றைக்கு மனம் கொதித்தது.

அந்தக் கொதிப்புக்குப் பதில் கனடாவிலிருந்து வந்தது. மான்ட்ரியல் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஓர், சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் வரும் இடங்களையெல்லாம் திரட்டி 2000இல் ஒரு நூல் எழுதினார். தேவரடியார் என்றாலே ஆட்டக்காரி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்வெட்டுகளில் அவர்கள் பெரும்பாலும் கொடையாளிகளாக நிற்பதை அவர் எண்ணிக் காட்டினார். தம் பொருளைக் கொடுத்துக் கோயிலில் தமக்கென உரிமை பெற்ற பெண்கள் அவர்கள். சுவர் ஆயிரம் ஆண்டாக நம் ஊரில்தான் இருக்கிறது, கேட்க வேண்டியதை நாம்தான் கேட்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் தளிச்சேரிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். அதில் 400 கோயில் பெண்கள். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, தலைவீடா இரண்டாம் வீடா, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கணக்கு எழுதத்தான் வெட்டினார்கள், பெருமை பாட அல்ல. அதனால்தான் அத்தனை பெயரும் தப்பின.

நம் கல்வராயன் மலைக்கு இப்படி ஒரு சுவர் வாய்க்கவில்லை. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே சாமை விதைத்தவளும், கடுக்காய் பொறுக்கிச் சுமந்து இறங்கியவளும் யார் கணக்கில் ஏறினார்கள்? இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் அந்த வீடுகளின் முதல் பட்டதாரிகள். உங்கள் ஆயாக்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போங்கள். ஆயாவின் பெயர், அவள் அம்மாவின் பெயர், பிறந்த ஊர், எந்தக் காட்டில் பாடுபட்டாள், பஞ்ச காலத்தில் எந்தக் கிழங்கைத் தோண்டினாள் என்று கேட்டு எழுதுங்கள். தலைவீடு, இரண்டாம் வீடு என்று வரிசை விடாமல் எழுதுங்கள். எழுதியதை என்னிடம் கொண்டுவாருங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.