வரவழைப்பவரின் கடமை: சிங்கப்பூர் வேலை அனுமதியும் நம் ஊர்க் கடனும்

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



உழைப்பவர் நலனுக்காக வாழ்ந்த ஒருவரின் பெயரால் ஆண்டுக்கு ஒருநாள் கூடி, உழைப்பைப் பற்றிய ஒரு கேள்வியை எடுத்து ஆராய்வதைவிடச் சிறந்த அஞ்சலி இருக்க முடியாது. இந்த ஆண்டு அந்தப் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி.

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர், இராமநாதபுரம், அரியலூர், கடலூர் என இந்த மாவட்டங்களில் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பாத ஊர் அரிது. ஒரு வீட்டுப் பையனுக்குப் பெர்மிட் வந்துவிட்டது என்றால் ஊரே கேட்கும் அடுத்த கேள்வி, "ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதுதான். யாரும் அதைத் தவறான கேள்வியாக நினைப்பதில்லை. வேலைக்குப் போகிறவன்தான் பணம் கட்ட வேண்டும் என்பது நமக்கு அவ்வளவு பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இன்று கேள்விக்கு உள்ளாக்க விரும்புகிறேன். ஒரு தொழிலாளியைக் கடல் கடந்து வரவழைப்பவருக்குச் சட்டம் என்னென்ன கடமைகளை விதித்திருக்கிறது? எந்தக் கடமையை விதிக்காமல் விட்டிருக்கிறது?

1. ஆளை எடுப்பதற்கு முன்

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு எடுப்பதை முறைப்படுத்துவது 1990ஆம் ஆண்டுச் சட்டம். 2007இல் அது விரிவாக்கப்பட்டு, வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. அதன்படி நிறுவனம் நினைத்தபடி ஆள் எடுத்துவிட முடியாது. எந்தத் துறைக்கு எந்த நாட்டவரை எடுக்கலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு. எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. கட்டுமானத் துறையில் உள்ளூர் முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஏழு வெளிநாட்டவர் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரி முதல் ஐந்தாகக் குறைக்கப்பட்டது.

அடுத்தது தீர்வை. நம்மவர்கள் 'லெவி' என்பார்கள். அனுமதி பெற்ற ஒவ்வொருவருக்கும் நிறுவனம் மாதந்தோறும் அரசுக்குக் கட்டும் தொகை அது. கட்டுமானத்தில், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் உயர்திறன் ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி என 2024இல் நிர்ணயித்தார்கள். இதை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம்.

மூன்றாவது பிணை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதி ஊழியருக்கும், அவர் வந்து இறங்குவதற்கு முன்பே 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுத்தாக வேண்டும். ஊழியரை முறையாகப் பேணவில்லை, சம்பளத்தைக் காலத்தில் கொடுக்கவில்லை, வேலை முடிந்ததும் தம் செலவில் திருப்பி அனுப்பவில்லை என்றால் முதலாளி அந்தத் தொகையை இழக்க நேரிடும்.

நான்காவது, கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். நம் ஊரில் 'ஐபிஏ' என்று சொல்வது இதைத்தான். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஊழியர் புறப்படுவதற்கு முன்பே அவருடைய மொழியில் அதன் படி அவருக்குச் சேர வேண்டும். பிறகு சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இங்கே கூடியிருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: ஏஜெண்ட் வாயால் சொல்லும் சம்பளம் எங்கும் செல்லாது. அந்தக் கடிதத்தில் உள்ள எண்தான் செல்லும். அதைப் படிக்காமல் யாரும் விமானம் ஏறக் கூடாது.

2. ஆள் வந்த பிறகு

வந்து இறங்கிய ஊழியரின் உடல்நலம், உறைவிடம், ஊதியம் மூன்றும் முதலாளியின் பொறுப்பு. மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 15,000 வெள்ளியாக இருந்தது. பெரிய அறுவை சிகிச்சை ஒன்றுக்கே அது போதவில்லை. 2023 ஜூலை முதல் அது 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வேலையில் காயம் ஏற்பட்டால், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்கும் உரிமை தனிச் சட்டத்தின் வழியாக உண்டு. உடலுழைப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும் அதற்கான காப்பீட்டை முதலாளி எடுத்திருக்க வேண்டும்.

சம்பளம், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் வர வேண்டும். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். 2020 முதல் விடுதிகளில் தங்கும் ஊழியர்களின் சம்பளம் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. வங்கிக் கணக்கில் விழுந்த பணத்துக்கு உண்டு.

உறைவிடத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் தங்கும் விடுதிகளுக்கு 2016இல்தான் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் ஓர் அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது, அந்த அறைகளில் விலகி இருக்க இடம் ஏது? மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதிகளுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டிருந்தது. அதன் பிறகே ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு இத்தனை சதுர மீட்டர் இடம் வேண்டும் என்ற விதிகள் வந்தன. 2023 ஏப்ரலில் ஏழு பேர் தங்கும் விடுதிவரை சட்டம் விரிந்தது. பழைய விடுதிகளை மாற்றியமைக்க 2030, 2040 எனப் படிப்படியாகக் கெடு வைத்திருக்கிறார்கள். தொழிலாளியின் படுக்கைக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி நாட்டின் பொதுச் சுகாதாரக் கேள்வியாக மாறிய பிறகுதான் அதற்குப் பதில் கிடைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

3. விட்டுப்போன கடமை

இவ்வளவையும் ஒருசேரப் பார்த்தால், இந்த விதிகளைக் குறைவானவை என்று எவரும் சொல்ல முடியாது. வளைகுடா நாடுகள் பலவற்றைவிட இவை தெளிவானவை. ஆனால் ஆள் எடுப்பதற்கான செலவு யாருடையது என்ற இடத்தில் சட்டத்தின் கை தளர்ந்துவிடுகிறது.

வேலை தருவதற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ முதலாளி ஊழியரிடம் பணம் வாங்கினால் அது குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறை, 30,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்வரை ஊழியரிடம் கட்டணம் வாங்கலாம். இந்த இரு விதிகளும் சிங்கப்பூர்க் கரைவரைதான் செல்லும். திருச்சியிலோ சென்னையிலோ கைமாறும் பணம் அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

நம் நாட்டுச் சட்டமாவது பார்க்கிறதா? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியல் ஒன்றும் உண்டு. வளைகுடா நாடுகள் அதில் இருக்கின்றன, மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஆகவே சிங்கப்பூர் போகிறவரின் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் நம் அரசு அதிகாரி எவரும் பார்ப்பதில்லை. 'ஸ்கில் டெஸ்ட்' எனும் திறன் தேர்வுக்கான பயிற்சிக்கு ஒரு தொகை, ஊர்த் தரகருக்கு ஒன்று, அவருக்கு மேலுள்ளவருக்கு ஒன்று என ரசீது இல்லாமல் போகும் பணம் லட்சங்களைத் தொடுகிறது. வயல் அடமானத்துக்குப் போகிறது, தாயின் தாலிக்கொடி வட்டிக்கடைக்குப் போகிறது.

இந்தக் கடன்தான் மற்ற எல்லாக் கடமைகளையும் செல்லாக்காசாக்குகிறது. வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. அதை அவர் ரத்து செய்யலாம். கட்டுமானத்தில், பெர்மிட் முடிய 40 முதல் 21 நாட்கள் இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று ஒரு வாசலைத் திறந்திருக்கிறார்கள். நல்ல வாசல்தான், ஆனால் அது ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. சம்பளப் பாக்கிக்குச் சமரசம் பேசவும், 20,000 வெள்ளிவரை தீர்ப்பு வழங்கத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் 2017 முதல் வழி இருக்கிறது. வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்பு அனுமதியும் கிடைக்கலாம். ஆனால் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, மேலதிக வேலைக் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று புகார் எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? புகாரால்தான் சட்டம் உயிர்பெறும். கடன் அந்தப் புகாரை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. லிட்டில் இந்தியாவில் 2008 முதல் வேலையிழந்த ஊழியர்களுக்கு இலவச உணவு அளித்துவரும் 'டிரான்சியண்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ' போன்ற அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

4. ஒரு பழைய ஏற்பாடு

வரவழைப்பவரே செலவை ஏற்க வேண்டும் என்றால், நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடந்த காரியம்தான். அதுவும் இதே கடலில், நம் முன்னோருக்காக நடந்தது.

1907இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய் மாநிலங்களிலும் 'தமிழர் குடியேற்ற நிதி' என்று ஒரு நிதியை உருவாக்கினார்கள். சிங்கப்பூர் அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. இந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் உழைத்த நாட்களின் கணக்குப்படி இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். தொழிலாளர்கள் புறப்படுமுன் தங்கிய நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் செலவும் கப்பல் கட்டணமும் அதிலிருந்து கொடுக்கப்பட்டன. தொழிலாளி கடனில்லாமல் கரையேற வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வர இந்த ஏற்பாடும் துணை நின்றது.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. கங்காணியின் பிடி இருந்தது, கூலி சொற்பம், 1930களின் மந்தத்தில் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ரப்பர் தோட்டத்துக்குத் தடையில்லாமல் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிதியையே உருவாக்கினார்கள். ஆனாலும் அதன் அமைப்பில் ஒரு நியாயம் இருந்தது. தனியொரு முதலாளி பயணச் செலவைக் கொடுத்தால், ஆள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவானோ என்று அஞ்சி அவனைக் கட்டிப்போடுவார். எல்லா முதலாளிகளும் பொதுவில் கட்டினால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. செலவு பொதுவானதும் தொழிலாளியின் கால் விடுபடுகிறது.

இன்றும் முதலாளி ஒவ்வொரு மாதமும் தீர்வை கட்டுகிறார். புதிதாகப் போகும் பலருடைய அடிப்படைச் சம்பளத்தைவிட அந்த 900 வெள்ளி அதிகம். ஆனால் அது அரசின் பொது வருவாயில் சேர்கிறது. பயணத்தின் விலையைத் தொழிலாளி வட்டியோடு கட்டுகிறார். ஒரு நூற்றாண்டுக்கு முன் பயணச் செலவைச் சுமந்தது முதலாளிமீது விதிக்கப்பட்ட வரி. இன்று அதைச் சுமப்பது நம் வீட்டு அடமானம்.

5. செய்ய வேண்டியவை

முதலாவது, தீர்வையின் ஒரு பங்கை ஆள் எடுக்கும் பொதுநிதியாக ஒதுக்க வேண்டும். திறன் தேர்வு, மருத்துவச் சோதனை, விமானக் கட்டணம், முகவர் ஊதியம் அனைத்தும் அதிலிருந்து போகட்டும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு, 181ஆம் எண் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவிலேயே இருக்கிறது. தென்கொரியா 2004 முதல் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாட்டின்படி ஆள் எடுக்கிறது, இலங்கையிலிருந்தும் எடுக்கிறது. தனியார் தரகர் இல்லாமல் ஆள் எடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது, நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்து, காலக் கெடு எதுவுமின்றி வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை ஊழியருக்கு வேண்டும். நல்ல முதலாளிக்கு இதனால் நட்டமில்லை, ஆள் அவரைத் தேடித்தான் வருவான்.

மூன்றாவது, சிங்கப்பூர் செல்லும் உடலுழைப்பாளரின் ஒப்பந்தத்தையும் இந்திய அரசு பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பான நாடு என்பதால் பார்க்க வேண்டாம் என்பது பொருந்தாத வாதம். ஆபத்து அந்தக் கரையில் மட்டும் இல்லை, நம் பேருந்து நிலையத்தருகே இருக்கும் மாடி அலுவலகத்திலும் இருக்கிறது.

நான்காவது, தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அது சென்னையோடு நின்றுவிடாமல், இந்த மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கிளையோடு இயங்க வேண்டும். ஐபிஏ கடிதத்தைக் கொண்டுபோய்ச் சரிபார்க்க நம் இளைஞனுக்கு ஓர் அரசு மேசை வேண்டும்.

ஐந்தாவது நம்முடைய பங்கு. ரசீது தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். கட்டிய ரசீது, ஐபிஏ, மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் படமெடுத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். தீர்ப்பாயத்தில் நியாயம் பேசப்போவது இந்தத் தாள்கள்தான். இந்தக் கல்லூரி மாணவர்கள் ஊருக்கு ஒருவர் வீதம் இதைச் சொல்லிக்கொடுக்க முன்வந்தால், அது இந்த அறக்கட்டளையின் பணியாகவே அமையும்.

ஓர் ஊழியரை வரவழைப்பவர் அவருடைய படுக்கைக்குப் பொறுப்பு, மருந்துக்குப் பொறுப்பு, திரும்பும் பயணத்துக்கும் பொறுப்பு என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அவர் வந்து சேரும் பயணத்துக்கு மட்டும் பொறுப்பில்லை என்பது எந்த நியாயத்திலும் சேராது. "ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று தொழிலாளியைக் கேட்பதை நிறுத்துவோம். "அவரை வரவழைக்க நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று நிறுவனத்தைக் கேட்போம், இரண்டு அரசுகளையும் கேட்க வைப்போம்.