கடன் உறுதியான பிறகே கையெழுத்து



தோட்டத்து லயத்தில் பிறந்து, பட்டணத்தில் வாடகை வீடு மாறி மாறிக் களைத்தவர்கள் நம்மில் பலர். யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு கூரைக்காகச் சேர்த்த பணம் எந்த இடத்தில் பறிபோகிறது என்பதையே இன்று பேச வந்தேன்.

என்னிடம் ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். 3 லட்சம் வெள்ளிக்கு ஒரு பழைய வீடு. 10 விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகுதான் வங்கி கடனை மறுத்தது. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லை. பணம் போனது. ஒப்பந்தம் அப்படியிருக்க, என்னால் அதை மீட்டுத் தர முடியவில்லை.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால் சட்டம் ஓரளவு காக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவர் பணம் வசூலிக்கக்கூடாது. வருமானம் போதாமல் கடன் மறுக்கப்பட்டதை நிரூபித்தால், வீட்டு விலையில் 1 விழுக்காடு மட்டுமே பிடித்துக்கொள்ளலாம். பழைய வீட்டுக்கு அப்படிச் சட்டம் வகுத்த ஒப்பந்தம் கிடையாது. நீங்கள் கேட்டு எழுத வைப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே வரிசையை மறவாதீர்கள்.

முதலில், பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவைப் பாருங்கள். கட்டணம் இல்லை. கடந்த 12 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று வங்கி அதில்தான் பார்க்கும்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் விண்ணப்பியுங்கள். முதல் வீட்டுக்கு 90 விழுக்காடு வரையிலும், அதிகபட்சம் 35 ஆண்டுகளுக்கும் கடன் கிடைக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் ஓட்டுநர்களும் எஸ்.ஜே.கே.பி. எனும் அரசாங்க உத்தரவாதத் திட்டத்தைக் கேட்டு விசாரியுங்கள்.

மூன்றாவது, வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். அதற்கு முன் முகவர் 2, 3 விழுக்காடு கேட்டால், கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று அந்தப் பாரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நான்காவது, கைப்பணம் வைத்திருங்கள். கடன் ஒப்பந்தத்திற்கு 0.5 விழுக்காடு முத்திரை வரி, பெயர் மாற்றத்திற்குத் தனி முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் உண்டு.

அதன் பிறகு, விற்பவரின் பழைய கடன் தீர்க்கப்படும். வங்கி மீதிப் பணத்தைச் செலுத்தும். நில அலுவலகத்தில் வீடு உங்கள் பெயருக்கு மாறி, வங்கிக்கு அடமானமாகப் பதிவாகும். இதற்கு வழக்கமாக 3 மாதம்; தாமதமானால் வட்டியோடு இன்னும் 1 மாதம். பிறகு சாவி உங்கள் கையில்.

ஒரு வேண்டுகோள். விற்பவரின் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்லர். உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள பத்திரம் புரியவில்லையென்றால், "தமிழில் விளக்குங்கள்" என்று கேளுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். அந்த ஓட்டுநரும் கேட்கத் தயங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.