மலையூரும் ஆசிரியப் பயிற்சியும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், விதுராவைக் கடந்ததும் கல்லாறு என்னும் சிற்றூர் வருகிறது. நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவு. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் இவ்வூரை வழியிலுள்ள ஓர் இடமாகவே அறிவர். ஆனால் சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் நடந்தால் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. ஆசிரியராகப் பணியாற்றத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இக்குடியிருப்புகள் என்ன கற்பிக்கும் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் ஒருவர் கல்லாற்றைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார். காணி இனத்தவரான இவர் ஏறத்தாழ ஐந்நூறு மூலிகை மருந்துகளின் செய்முறையை நினைவிலேயே வைத்திருப்பவர். நச்சுக்கடி மருத்துவத்தில் பெயர் பெற்றவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எனினும் கேரள நாட்டுப்புறவியல் அகாதமியில் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். பட்டமும் பயிற்சியும் பெற்ற ஓர் இளைஞர் கல்லாற்றுக்குள் கற்பிக்க வருகிறார் என்றால், அங்கு ஏற்கெனவே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் முதலில் உணர வேண்டும்.

மூன்று தனிமைகள்

நமது நாட்டில் ஆசிரியப் பயிற்சியின் முதன்மையான குறை எது என்பதைக் கோத்தாரிக் கல்விக் குழு (1964–66) தெளிவாகச் சுட்டியது. பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்து விலகி நிற்கின்றன. பள்ளிகளின் அன்றாடச் சிக்கல்களிலிருந்து விலகி நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றும் விலகி நிற்கின்றன என்பது அக்குழுவின் முடிவு. இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். பள்ளியைச் சூழ்ந்துள்ள ஊரிலிருந்தும் அவை விலகி நிற்கின்றன.

இத்தனிமையைப் போக்க முயற்சிகள் எடுக்கப்படாமல் இல்லை. 1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் கல்வியியல் இளநிலைப் படிப்பை ஈராண்டாக உயர்த்தி, களப்பணிக்கு 20 வாரங்களை ஒதுக்கின. அவற்றுள் 16 வாரங்கள் பள்ளியிலேயே தங்கிப் பயில்வதற்கு உரியவை. குழந்தை, பள்ளி, சமுதாயம் ஆகிய மூன்றோடும் மாணவர் தொடர்பு கொள்ள வேண்டும் என்பது அப்பாடத்திட்டத்தின் நோக்கம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பணியிலுள்ள ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் எனக் கூறுகிறது.

ஆகவே காலம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அக்காலம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதுதான் கேள்வி.

பதிவேடு நிறைகிறது, ஊர் நிறைகிறதா?

வழக்கமாக நடைபெறுவது யாவரும் அறிந்ததே. பயிற்சி மாணவர்கள் குழுவாக ஓர் ஊருக்குச் செல்கின்றனர். சில நாள் முகாம் நடைபெறுகிறது. வீடு வீடாக வினாப்பட்டியல் நிரப்பப்படுகிறது. பள்ளி வளாகம் துப்புரவாகிறது. கலை நிகழ்ச்சியோடு முகாம் நிறைவுறுகிறது. பதிவேட்டில் கையொப்பம் பெற்று மாணவர்கள் திரும்புகின்றனர். அடுத்த ஆண்டு வேறொரு குழு, வேறோர் ஊர்.

பொருளியல் நோக்கில் இதற்கு ஒரு செலவு உண்டு. அதை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை. தேன் எடுக்கவும், மூங்கில் வெட்டவும், மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும் வேண்டிய ஒருவர், வினாக்களுக்கு விடை சொல்ல ஒரு முற்பகலைச் செலவிடுகிறார். அது அவருடைய கூலி. அந்த விடைகளால் அவருக்கோ அவர் குழந்தைக்கோ என்ன திரும்பி வந்தது? ஒன்றும் வரவில்லையெனில், பயிற்சிக் கல்லூரி அவ்வூரிடம் கடன்பட்டிருக்கிறது என்பதே பொருள்.

கடனைத் திருப்பிச் செலுத்த முடியும் என்பதற்கும் காணியினர் வாழ்விலேயே சான்று உண்டு. 1987ஆம் ஆண்டில் அகத்தியமலைக் காட்டில் ஆய்வு மேற்கொண்ட அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணியினர் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அவர்கள் உண்ட ஆரோக்கியப்பச்சையின் கனியே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. கல்லாற்றுக்கு அருகேயுள்ள பாலோடு வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி உரிமை 10 லட்ச ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் வழங்கப்பட்டது. அதில் பாதி காணியினருக்கு உரியது என நிறுவனம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெற 1997ஆம் ஆண்டில் காணியினரின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. இவ்வேற்பாட்டில் குறைகளும் கருத்து வேறுபாடுகளும் இருந்தன. எனினும், ஒரு சமுதாயத்தின் அறிவைப் பெறுபவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் நெறி உலகின் கவனத்தைப் பெற்றது. மருந்தாய்வுக்குப் பொருந்தும் இந்நெறி ஆசிரியப் பயிற்சிக்குப் பொருந்தாதா?

இழப்பின் அளவு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தின் எழுத்தறிவு 94 விழுக்காடு; அம்மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவு 75.8 விழுக்காடு. நாட்டிற்கே முன்மாதிரியாகக் கூறப்படும் மாநிலத்தில் இவ்விடைவெளி சிறியதன்று. பேருந்து செல்லாத குடியிருப்புகளுக்காக 1990களில் ஓராசிரியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆறு கடந்தும் காட்டு வழி நடந்தும் அவற்றை நடத்திய ஆசிரியர்கள் பலர். 2022ஆம் ஆண்டில் அப்பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகளை நிறைவான வசதிகள் கொண்ட பள்ளிகளில் சேர்ப்பது நோக்கம். அந்நோக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்த ஆசிரியர்களில் பலர் பின்னர்ப் பள்ளித் துப்புரவுப் பணியிடங்களில் அமர்த்தப்பட்டனர். இருபதாண்டுகள் ஒரு குடியிருப்பின் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்தவர்களின் அனுபவம், எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் பாடமாகாமல் போயிற்று. தொழில் மேம்பாடு என்பது புதியதைச் சேர்ப்பது மட்டுமன்று. பெற்றதை இழக்காதிருப்பதும் ஆகும்.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் கேரளத்திலேயே நடந்துள்ளது. 2017ஆம் ஆண்டில் வயநாடு மாவட்டத்தில் ‘கோத்ரபந்து’ திட்டம் தொடங்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்கள் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். குழந்தையின் தாய்மொழியை அறிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால், பள்ளி அக்குழந்தைக்கு அயலிடமாகத் தோன்றாது என்பதே அதன் அடிப்படை. காணிக் குழந்தையின் வீட்டு மொழியில் தமிழும் மலையாளமும் கலந்துள்ளன. பாடநூல் மலையாளத்தை அது தவறாகப் பேசுகிறது என்று எண்ணும் ஆசிரியருக்கும், அது தன் மொழியைச் சரியாகப் பேசுகிறது என்று அறிந்த ஆசிரியருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு கல்லூரி ஒரே ஊரோடு குறைந்தது ஐந்தாண்டுகளாவது தொடர்பு கொள்ள வேண்டும். ஓர் அணி விட்ட இடத்திலிருந்து அடுத்த அணி தொடங்குமாறு குறிப்பேடு கைமாற வேண்டும். முன்னரே கேட்ட வினாவை மீண்டும் கேட்டு ஊரின் நேரத்தை வீணாக்குதல் கூடாது.

இரண்டாவதாக, மாணவர் கற்பிக்கத் தொடங்கும் முன் கற்க வேண்டும். மூட்டுக்காணி எனப்படும் குடித்தலைவரையும் முதியோரையும் சந்தித்து, மழைக்காலத்தில் குழந்தைகள் எந்த வழியில் வருகின்றனர், எந்த மாதங்களில் வருகை குறைகிறது, ஏன் குறைகிறது என்பவற்றை அறிய வேண்டும். ஆறு பெருகுவதால் வராத குழந்தையைச் சோம்பேறி என்று பதிவேட்டில் எழுதுவது கணக்குப் பிழை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

மூன்றாவதாக, மூலிகை, மூங்கில், காட்டுப் பாதை ஆகியவற்றை அறிந்த பெரியவர்கள் வகுப்புக்கு வந்து கற்பிக்கும்போது அவர்களுக்கு மதிப்பூதியம் வழங்க வேண்டும். விருந்தினர் விரிவுரையாளருக்கு வழங்கும் கல்லூரி இவர்களுக்கு வழங்கத் தயங்குவதற்குக் காரணமில்லை.

நான்காவதாக, மாணவரின் களப்பணியை மதிப்பிடுவதில் ஊருக்கும் பங்கு வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இக்குழுவின் கருத்துக்கு ஒதுக்கினால், பதிவேட்டின் அழகைவிடப் பணியின் பயன் முன்னிற்கும்.

இவை புதுமையான கருத்துகள் அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனும், அவர் துணைவியார் டாக்டர் சௌந்தரமும் 1947ஆம் ஆண்டில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு வளர்ந்து 1976ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிராமியக் கல்வி நிலையம், மாணவர் ஊரில் தங்கிப் பயில்வதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. இம்மாவட்டத்தில் பிறந்த ஒருவர் தமிழகத்தில் விதைத்த கருத்து, அவருடைய சொந்த மாவட்டத்தின் மலையூர்களிலும் பயன் தருவது பொருத்தமே.

16 வாரங்கள் நீண்ட காலமன்று. ஆயினும் ஒரு பருவமழையைக் காண அது போதும். இங்கு கூடியுள்ள பயிற்சி மாணவர்களில் சிலரேனும், அம்மழையில் ஒரு குழந்தை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதை அதன் வீட்டு வாசலில் நின்று கேட்டறிந்தால், அவர்கள் பெற்ற பயிற்சி முழுமையுற்றது எனலாம்.